கட்கி பஜாரில் ஒரு காய்ச்சல் காலம்

2009 ஆகஸ்டில் புனேயில் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் மாஸ்க்கில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் அப்போது கட்கி பஜாரில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். என் கணவருக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை என்பதால் கல்யாணமான கையோடு புனேவாசியாகிவிட்டேன். அப்படி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் கட்கியில் நிறைய உண்டு.

ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவின் முதல் உயிர்ப்பலி எங்கள் ஊரில் நேர்ந்தது. பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. அதுவரை அது விமானத்தில் வருகிறவர்களின் நோயாக இருந்தது. மே மாதம் ஹைதராபாதில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் நாட்டிலேயே முதலில் உறுதியானது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோதுகூட எங்கள் கடையில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் போன மறுநாள் காலையில், ஷட்டர் ஏறுவதற்கு முன்பே கடை வாசலில் குடைகள் விரிந்திருந்தன.

எல்லாருக்கும் மாஸ்க் வேண்டும். சாதாரண நாளில் ஒரு பெட்டி வாங்கினால் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் சரக்கு அது. பக்கத்துப் பல் டாக்டர் வாங்குவார், பெயின்ட் அடிக்கிறவர்கள் வாங்குவார்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று ரூபாய்க்கு விற்றதை மொத்த வியாபாரியே பல மடங்கு விலை சொல்லித் தந்தார். அதற்கடுத்த நாட்களில் அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. என்95 வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் அது வார்டில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கும் டாக்டருக்கும் போகவேண்டியது என்று சொன்னால், நான் எங்கேயோ பதுக்கி வைத்திருப்பதுபோல் பார்த்தார்கள். கிடைக்காதவர்கள் கைக்குட்டையை முக்கோணமாக மடித்துக் கட்டிக்கொண்டார்கள். புனேயில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் முகம் முழுக்க ஸ்கார்ஃப் சுற்றிக் கண் மட்டும் தெரியப் போவது எப்போதும் உள்ள வழக்கம். அந்த வாரம் ஊரே அப்படித்தான் திரிந்தது.

மாஸ்க் போட்டவர்களைக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத் தூறலில் நனைந்த மாஸ்க்கை அப்படியே போட்டிருப்பார்கள். பேச வேண்டியபோது முன்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுப்பார்கள். காசு எண்ணிய விரலால் மறுபடி மேலே ஏற்றுவார்கள். இருமல் வந்தால், மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டு இருமுவார்கள். பிறகு அதே மாஸ்க் சட்டைப் பைக்குள் போகும். ஃப்ளூ வைரஸ் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் வருவது. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். விழுந்த இடத்தைத் தொட்ட கை மூக்குக்கோ கண்ணுக்கோ போனால் அதுவே அதற்கு வழி. ஈரமான மாஸ்க்கை மாற்றுங்கள், கயிற்றைப் பிடித்துக் கழற்றுங்கள், முன்பக்கம் தொடாதீர்கள் என்று அரைகுறை மராத்தியில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். அந்தச் சிலருக்காகவே சொல்லத்தான் வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து நீலகிரித் தைலமும் கற்பூரமும். கற்பூரத்தையும் ஏலக்காயையும் துணியில் முடிந்து அடிக்கடி முகர்ந்தால் காய்ச்சல் அண்டாது என்று ஒரு குறுஞ்செய்தி செல்போன் செல்போனாகச் சுற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையில் அந்த முடிச்சை ஊக்கு வைத்துக் குத்தி அனுப்பினார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. அதைவிட எனக்கு வேறு பயம் இருந்தது. கற்பூரத்தைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரும். ஆகவே கற்பூரம் கேட்டு வந்த ஒவ்வொரு தாயிடமும், "முடிஞ்சு வைங்க, ஆனா கைக்குழந்தைக்கு எட்டாம வைங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன். நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆபத்தையாவது தள்ளி வைக்கலாமே.

சோப்பு மட்டும் விற்கவில்லை. இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. சோப்பு நுரை பட்டால் அது கரைந்து வைரஸ் செயலற்றுப் போகும். இருபது விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருந்ததாலோ என்னவோ, அதை ஒரு மருந்தாக யாரும் மதிக்கவில்லை.

டாமிஃப்ளு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாடு. ஓசெல்டாமிவிர் என்ற அந்த மருந்து அப்போது அரசுக் கையிருப்பில் மட்டுமே இருந்தது. கடைகளில் விற்க அனுமதி கிடையாது. நோய் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன் தரும் மருந்து அது. காய்ச்சலே வராதவர்கள் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ள நினைத்தால் நிஜமான நோயாளிக்கு எங்கே போவது? அது இல்லை என்றதும், ஆன்டிபயாடிக்காவது கொடுங்கள் என்பார்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்வது! குழந்தைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கேட்டவர்களிடம் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். ஃப்ளூவோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் சில குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்படும் ரேய்ஸ் சிண்ட்ரோம் வரலாம். கெஞ்சினாலும் கொடுக்கவில்லை.

பரிசோதனைக்கு நின்ற வரிசைகளை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் நாட்களில் எல்லாரும் நாயுடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிறகு வேறு ஆஸ்பத்திரிகளிலும் சளி மாதிரி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். மாதிரிகளெல்லாம் புனேயிலேயே இருந்த தேசிய வைராலஜி நிறுவனத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் சாதாரண ஜலதோஷத்தோடு போய் மழையில் பாதிநாள் நின்றுவிட்டு வந்தார். வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் இருமிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அவர் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த மாதத்திலேயே மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வழிகாட்டுதல் கொடுத்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்றால் ஏ: பரிசோதனை வேண்டாம், வீட்டில் தனித்திருந்தால் போதும். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர் என்றாலோ பி: டாக்டர் மருந்தை முடிவு செய்வார். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல் என்றால் சி: உடனே ஆஸ்பத்திரி. அதை ஒரு அட்டையில் மராத்தியிலும் தமிழிலும் எழுதிக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டினேன். பயந்து வருகிறவர்களுக்கு 'பயப்படாதே' என்று சொல்வதால் பலனில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். அட்டையைப் படித்துவிட்டு, "அப்போ எங்க வீட்டுக்காரருக்கு ஏ தான்" என்று மூச்சு விட்டுப் போனவர்கள் பலர். ஒரு கர்ப்பிணியின் மாமியார் படித்துவிட்டு அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்தார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு வியாபாரம் அமைதியாக நடந்துகொண்டிருந்தது. பாராசிட்டமால். காலை ஏழரை மணிக்கு, பள்ளிப் பேருந்து வருவதற்குச் சற்று முன்பு வரும் தாய்மார்கள். "லேசா கதகதன்னு இருக்கு. யூனிட் டெஸ்ட் இருக்கு. மத்தியானம் வரைக்கும் தாங்குற மாதிரி ஒரு சிரப் குடுங்க." மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து கேட்பார்கள். பிள்ளைக்கும் மாஸ்க் போட்டிருப்பார்கள். அதேபோல ஷிஃப்டுக்குப் போகிற தொழிலாளிகள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், ஆட்டோக்காரர்கள். காய்ச்சலை நான்கு மணி நேரம் அமுக்கி வைத்துக்கொண்டு ஆள் வேலைக்குப் போனால், வைரஸும் கூடவே போகிறது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்று பரவத் தொடங்கும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். அந்த நாட்களில் ஆள் வீட்டில் இருப்பதற்கு ஈடான முன்னெச்சரிக்கை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆனால் அது பயந்தவர் கையில் இல்லை. சம்பளம் கொடுப்பவர் கையில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

எங்கள் கடையிலேயே அப்படியொரு நிலைமை வந்தது. டெலிவரிக்கும் பெட்டி இறக்கவும் லாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயதிருக்கும். வியாபாரம் உச்சத்தில் இருந்த ஒரு நாள், கண் சிவந்து, கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றிரண்டு. "ஒண்ணுமில்லக்கா, மழைல நனைஞ்சேன்" என்றான். கடை முதலாளியை நாங்கள் காகா என்று அழைப்போம். கணக்கில் கறாரானவர். அவரிடம் போய், "இவன் இன்னைக்கு இங்க நின்னா, மருந்து வாங்க வர்றவங்களுக்கு நாமளே நோயைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி" என்றேன். போகச் சொல்லு என்றார். "போகமாட்டான் காகா. நாள் கூலி பிடிப்பீங்கன்னு தெரியும். அதனாலதான் சொல்லாம நிக்கிறான்." காகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடை முழுக்கக் கூட்டம். பிறகு கல்லாவைத் திறந்து அவனுடைய அரைமாதச் சம்பளத்தை எண்ணி, ஒரு கவரில் போட்டு, அதோடு பாராசிட்டமால் பட்டையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வைத்துக் கொடுத்தார். "ஏழு நாள் முடிஞ்சு வா. முன்னாடி வந்தா வேலை கிடையாது." அன்றைக்கு அவரே அட்டைப் பெட்டிகளை இறக்கினார். வேலைக்கு வருகிறவருக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு என்ற வழக்கம் அந்தக் கடையில் அன்று தொடங்கியது. நான் இருந்தவரை மாறவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் அத்தை ஆச்சரியப்படவில்லை. மகனான என் கணவரோடு இருப்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். "அம்மை போட்டிருக்குன்னா எவனாச்சும் வேலைக்கு வரலைன்னு கேப்பானா? வாசல்ல வேப்பிலையைச் செருகினா கடன்காரன்கூட திரும்பிப் போயிருவான். இதுக்கு மட்டும் ஏன்?" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அம்மைக்கு நம் ஊரில் மருந்தைவிடக் கட்டுப்பாடு பெரிது. தனிப் பாய், தனித் தட்டு, வெளி ஆள் உள்ளே வரக்கூடாது, நோயாளி தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. அந்த நாட்களில் கூலி பற்றியோ பரீட்சை பற்றியோ யாரும் பேசமாட்டார்கள். அம்மனுக்குக் கொடுத்த மரியாதை ஊருக்கே காப்பாக இருந்தது. ஃப்ளூவுக்கு அந்த மரியாதை இல்லை. வெறும் காய்ச்சல்தானே என்று விட்டுவிடுகிறோம்.

அத்தைக்கு 1957 நினைவிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மதராஸ் வந்த கப்பலோடு இறங்கிய ஃப்ளூ, நாடு முழுக்கப் பரவி, மறு ஆண்டு பிப்ரவரிக்குள் நாற்பத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்ததாக அரசுக் கணக்கு இருக்கிறது. "வீட்டுக்கு வீடு ஆள் படுத்துக் கெடந்தோம்லா. அடுப்புப் பத்தவைக்க ஆள் இல்ல" என்பார். அந்த 1957தான் இந்தக் கதையில் வேறொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. அதுவரை உலகில் சுற்றிக்கொண்டிருந்ததும் பன்றிக் காய்ச்சலைப் போல எச்1என்1 வகைதான். 1957இல் வந்தது அதைத் தள்ளிவிட்டு இடம் பிடித்த வேறு வகை. ஆகவே அதற்கு முன் பிறந்த பெரியவர்கள் பலருக்குச் சின்ன வயதில் பட்ட எச்1என்1இன் நினைவு உடம்பில் இருந்தது. 2009இல் முதியவர்களை விட இளைஞர்களும் பிள்ளைகளும் அதிகம் படுத்ததற்கு இது ஒரு காரணம். இதை நான் பின்னால்தான் படித்தேன்.

எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, "நான் கிழவி, நான் பக்கத்துல இருக்கேன்" என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். அவருக்குச் சர்க்கரை இருந்ததால் நான் விடவில்லை. ராக்கிப் பண்டிகை கழிந்து சில நாட்களில் மகளுக்கு உடம்பு சுட்டது. ஊரில் பள்ளிக்கூடம், சினிமா தியேட்டர் எல்லாம் மூடியிருந்த வாரம். டாக்டர் பார்த்துவிட்டு ஏ என்றார், பரிசோதனை வேண்டாம் என்றார். ஊருக்கெல்லாம் அட்டை எழுதி ஒட்டிய எனக்கு, என் பிள்ளை விஷயத்தில் அந்த ஏ போதவில்லை. இரவில் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, செல்போன் விளக்கில் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகத்தின் நிறம், கண் சொருகுகிறதா, தண்ணீர் குடிக்கிறாளா, மூத்திரம் போகிறாளா. காய்ச்சல் விட்ட பிறகு மறுபடி ஏறினால் அது நுரையீரலில் இரண்டாவது தொற்றாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விட்டபிறகும் தூக்கமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தோம். அவளுக்கென்று தனித் தம்ளர், தனித் துண்டு. கணவர் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். கஞ்சியும் ரசமும் அத்தை வைத்து அறை வாசலில் வைப்பார். பிள்ளை தேறினாள். வந்தது பன்றிக் காய்ச்சல்தானா, வேறு ஏதாவதா, எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அப்போது இருக்கவில்லை.

அந்த வாரத்தில் ஊரிலிருந்து போன் மேல் போன். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறி வந்துருங்க, அங்க ஏன் கெடக்கிய?" என் அண்ணன் கோபமாகவே சொன்னார். புனேயிலிருந்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டி நெரிசலில் ஒரு இரவும் பகலும் உட்கார்ந்து போவதில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. நோய் நம்மிடம் இருந்தால் அதைத் தாமிரபரணிக் கரைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம் இருந்தது. அதற்கும் போகவில்லை. சித்தப்பா இரண்டு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்னெச்சரிக்கைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. மாஸ்க் விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதை யாரும் பேசுவதில்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையில் ஒரு சிறுவன் இறந்த செய்தி வந்த பிறகு அண்ணன் வரச்சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மண்டபத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒருவர் வகுப்பறைகளில் புகை போட வேண்டும் என்றார். இன்னொருவர் வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் புது மாஸ்க் கொடுக்க வேண்டும் என்றார். நான் எழுந்து இரண்டு கேட்டேன். காய்ச்சலில் டெஸ்ட் எழுதாத பிள்ளைக்கு மறுபடி டெஸ்ட் வைக்க வேண்டும். ஒருநாள்கூட லீவு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டுவிழாவில் கொடுக்கிற பரிசை நிறுத்த வேண்டும். மாத்திரையைக் கொடுத்தே பிள்ளையை அனுப்பச் சொல்கிற பரிசு அது என்றேன். மறுதேர்வுக்குத் தலைமையாசிரியை அங்கேயே சம்மதித்தார். பரிசு பள்ளியின் பழைய மரபு என்றார். அந்த ஆண்டும் மேடையில் கொடுத்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த மரபு இன்னும் பல பள்ளிகளில் தொடர்வது எனக்குத் தீராத வருத்தம்.

2010 ஜூலையில் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தபோது, கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பதற்றம் அடங்கியிருந்தது. நோய் அடங்கவில்லை. 2009இல் நாட்டில் 981 பேர் இறந்தார்கள் என்றால், 2010இல் 1,763 பேர். 2015இல் உறுதியானவர்கள் மட்டும் 42,000க்கு மேல், இறந்தவர்கள் 2,990. அந்த ஆண்டு எங்கள் கடை வாசலில் குடைகள் விரியவில்லை. இன்று அந்த வைரஸ் ஆண்டுதோறும் வரும் ஃப்ளூக்களில் ஒன்று. மேற்கே தென்மேற்குப் பருவமழையோடு வரும், சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அதிகமாகும். வருஷத்துக்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது. முதியவர்களும் கர்ப்பிணிகளும் சர்க்கரை உள்ளவர்களும் கட்டாயம் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியது. அத்தைக்கு அவர் இருந்தவரை போட்டோம்.

கணவர் ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டோம். இங்கேயும் ஒரு மெடிக்கலில் நிற்கிறேன். போன ஐப்பசி மழையில் காலை எட்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் பிள்ளையின் ஸ்கூல் பை, பக்கத்தில் கன்னம் சிவந்து ஐந்தாம் வகுப்புப் பையன். மத்தியானம் வரைக்கும் காய்ச்சல் தெரியாமல் இருக்க மருந்து கேட்டாள். மருந்து தருகிறேன், ஆனால் இவனை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், மருந்து இல்லாமலேயே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள் என்றேன்.

"டெஸ்ட் இருக்குக்கா. லீவு போட்டா மிஸ் திட்டுவாங்க. எனக்கும் கம்பெனில லீவு கெடையாது. நீங்க சொல்றது சரிதான், ஆனா மிஸ்கிட்ட யாரு பேசுறது?"

"நம்பர் சொல்லுங்க" என்று போனை எடுத்தேன்.